காது வளர்த்தலும் பச்சை குத்துதலும்

மக்கள் தம் உடம்பை இயற்கை அளித்தவாறே விட்டுவைத்த காலம் ஒன்று உண்டோ என்று ஆராயப் புகுவார்க்கு அத்தகைய காலம் எளிதில் அகப்படுவதில்லை. 1991-ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியினின்று வெளிப்பட்ட ஆடவன் ஒருவனது உடல் ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழைமையுடையது. அவன் தோலில் 61 கருங்குறிகளை அறிஞர் எண்ணியிருக்கின்றனர். அவற்றுட் பல முதுகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் உள்ள சிறு கோடுகளே. அழகுக்காகவன்றி மூட்டுநோவுக்கு மருந்தாக இடப்பெற்றனவாகலாம் என்பாரும் உளர். அவன் தந்தையார் அவற்றைக் கண்டு என் சொன்னாரோ, அஃது நமக்குத் தெரிந்திலது.

நம் காலத்துத் தந்தையார் என் சொல்லுவர் என்பதோ நம்மில் ஒவ்வொருவர்க்கும் தெரியும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் சிலர் கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்தே இலைமுன் அமர்வதும், சிலர் காதிலிட்ட சிறு வளையத்தைப் புகைவண்டியிலேயே கழற்றிச் சட்டைப்பையில் மறைப்பதும் நம் விடுதியில் யாவரும் அறிந்த செய்திகள். ‘படித்த பிள்ளை செய்யத்தக்கதா இது?’ என்பது பெற்றோர் வினா. ‘எம் உடம்பு எம்முடையதன்றோ?’ என்பது பிள்ளைகள் விடை. இவ்விரு கூற்றையும் ஒருபுறம் வைத்துவிட்டு, நம் நாட்டில், சிறப்பாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் என்னும் தென்பகுதிகளில், செவியும் தோலும் தலைமுறைதோறும் எவ்வெவ்வாறு மதிக்கப்பட்டு வந்தன என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண் பச்சையைப் பற்றிச் சில கூறுதும். விளக்கெரித்துப் பிடித்த கரியைத் தாய்ப்பாலிலேனும் இலைச்சாற்றிலேனும் குழைத்து, சில ஊசிகளை ஒருங்கு சேர்த்துக் கட்டி, அக்கரியில் தோய்த்துத் தோலிற் குத்திக் குத்திக் கோலம் எழுதுவது பழைய முறை. குத்தி முடிந்தபின் மஞ்சளரைத்துப் பூசுவர். இத்தொழிலைக் குறவர் குலப் பெண்டிர் ஊர் ஊராய்ச் சென்று செய்துவந்தனர். பிள்ளை நோவால் அழுங்கால் அதனை மறக்கச் செய்யும் பொருட்டுப் பாடிக்கொண்டே குத்துவது அவர் வழக்கம். கூலியாக நெல்லும் பழம்புடைவையும் பெறுவர். முன்கையிற் கோலப்புள்ளிகளும், புயத்திற் கிளியும் தேளும், நெற்றியிலும் மோவாயிலும் ஓரிரு பொட்டுக்களும், கணவன் பெயரும் பிறந்தகத்தார் பெயரும் குத்திக்கொள்வது பெருவழக்காயிருந்தது. இட்ட நகையெல்லாம் இறந்தவுடன் கழற்றிக்கொள்ளப்படும், பச்சை ஒன்றே உடன் வரும் என்று மூதாட்டியர் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். நிலமும் பொன்னும் தம் பெயரில் இல்லாத பெண்மக்கள் இதனைக் கூறினர் என்பதை நோக்குமிடத்து, இக்கூற்று வெறும் மூடநம்பிக்கையாக எமக்குத் தோன்றவில்லை.

கரியைக் கொண்டு குத்தியதனைப் பச்சை என்று வழங்குவது என்னை எனின், கூறுதும். மேற்றோலின் அடியில் ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்திற் கரி தங்குகிறது. ஒளியிலுள்ள சிவப்பு முதலிய நிறங்கள் தோலை ஊடுருவிச் சென்று கரியால் உறிஞ்சப்படுகின்றன. நீலமும் அதனைச் சார்ந்த நிறங்களும் அத்துணை ஆழம் செல்லாமல் இடையிலேயே சிதறி நம் கண்ணுக்கு மீளுகின்றன. ஆகவே கருமை நீலமாகவும் பசுமையாகவும் தோன்றுகிறது. மணிக்கட்டிலுள்ள குருதிக்குழாய்கள் பச்சையாய்த் தோன்றுவதற்கும் தோலின் இவ்வியல்பு ஒரு காரணமாகும். நம் முன்னோர் காரணம் அறியாவிடினும் கண்டதைக் கண்டவாறே பெயரிட்டனர்.

இஃது அழியாதிருப்பதற்குரிய காரணம் இன்னும் வியப்புடையது. உடம்பிற் புகுந்த அயற்பொருளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் தோலினடியில் உள்ளன. ஊசி வழியே வந்த கரித்துகளை அவை பகைவனென்று எண்ணி விழுங்குகின்றன. ஆயின் செரிக்க மாட்டாமல் அதனைத் தம் வயிற்றிலேயே வைத்திருக்கின்றன. அவ்வணு மடிந்தால் கரி வெளிப்படுகிறது. உடனே அயலில் உள்ள புதிய அணு அதனை விழுங்குகிறது. பிரெஞ்சு நாட்டு மார்சேய் நகரத்து ஆராய்ச்சியாளர் 2018-இல் எலிகளிடத்து இதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஆகவே ஒருவர் பத்தொன்பதாம் வயதிற் குத்திக்கொண்ட பெயரை எழுபதாம் வயதிற் காத்துநிற்கும் அணுக்கள், அன்று அதனை முதலில் விழுங்கிய அணுக்கள் அல்ல. அவற்றின் வழிவந்தோர் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் காத்துவருகின்றனர் என்க. இக்காலத்து லேசர் ஒளியைச் செலுத்தி அத்துகள்களை நொறுக்கி, நிணநீர் வழியே வெளியேறச் செய்கிறார்கள். பல முறை செய்தல் வேண்டும். பணமும் நோவும் குத்துங்கால் ஆனதினும் மிகுதி. கருநிறம் எளிதிற் போகும். பசுமையும் மஞ்சளும் எளிதிற் போகா.

இனி நம் இலக்கியத்தை நோக்குவாம். சங்கச் செய்யுட்களில் தொய்யில் என்பதொன்று பல இடத்துங் கூறப்படுகின்றது. மகளிர் மார்பினும் தோளினும் குழம்பு கொண்டு கொடியும் பூவும் எழுதுவது அது. கலித்தொகை பயின்றார்க்கு இது புதிதன்று. ஆனால் தொய்யில் எழுதப்படுவதேயன்றிக் குத்தப்படுவதன்று, நீராடின் அழியும். தொய்யிலே பச்சையின் தாய் என்று சிலர் கூறுவதற்கு யாம் உடன்படோம். அழியும் என்பதிலன்றோ தொய்யிலின் சுவை முழுவதும் உள்ளது? அதனைக் காதலன் எழுதுவான், அது கலையும், மீண்டும் எழுதுவான். பச்சையோ ஒருமுறை எழுதினால் முடிந்தது.

மூக்குத்தியின் வரலாறு இதனினும் நமக்குப் பயன்படுவது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி அணிந்த அணிகலன்களைக் கால்விரல் முதலாகக் கூந்தல் ஈறாக இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்கிறார். செவியணி உண்டு, கழுத்தணி உண்டு; மூக்கணி இல்லை. அத்துணை நுணுக்கமாக எண்ணியவர் மூக்கை மட்டும் மறந்தார் என்று கூறல் பொருந்தாது. தமிழ்ப் பெண்ணின் தொன்மை அடையாளம் என்று இன்று நாம் போற்றும் மூக்குத்தி, பிற்காலத்து வந்து சேர்ந்த புது நாகரிகமே. அது புதிதாக வந்த காலத்து ஒரு தாய் தன் மகளை நோக்கி, ‘நம் குடியில் இல்லாத வழக்கம்’ என்று கடிந்திருப்பாள் என்று நினைப்பதில் தவறில்லை.

செவியைப் பற்றியோ வெனில், தமிழில் அதற்குள்ள சொற்களே ஒரு வரலாறு கூறும். ஓலை என்பதும் செவியணி; தோடு என்பதும் செவியணி; குழை என்பதும் செவியணி. ஓலை பனையினது; தோடு என்பதற்கு இதழும் ஓலையும் பொருள்; குழை என்பது தளிர். மூன்றும் இலையின் பெயரே. பொன் வருமுன் துளையிற் செருகப்பட்டது இலையாதல் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இன்னும், சுருட்டிய பனையோலை விரியத் தவிக்கும் இயல்புடையது. துளையிற் செருகியவுடன் மெல்ல மெல்ல விரிந்து துளையைப் பெருக்கும். அணியே கருவியுமாயிற்று.

தென்னாட்டிற் காது வளர்த்தல் என்பது பின்வருமாறு நிகழ்ந்தது. பெண் பிறந்து சின்னாளிற் காதுமடலின் அடியைக் கத்தியாற் கீறித் துளையிடுவர். பஞ்சுத் திரியை முதலிற் செருகுவர், புண் ஆறினபின் திரியைப் பருமனாக்குவர், பின் ஓலைச்சுருள், அதன்பின் குணுக்கு. குணுக்கு என்பது ஈய வளையம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போவர். மடலின் அடிப்பகுதியில் குருத்தெலும்பு இல்லை. தோலும் கொழுப்புமே உள்ளன. ஆகலின் பாரம் தொங்கத் தொங்க அது நூல்போல் நீண்டு தோளைத் தொடும். விரைந்து பாரம் ஏற்றினால் அறுந்துபோம். மெல்ல ஏற்றினால் தோல் புதிதாக வளர்ந்து இடங்கொடுக்கும். தாய்மார் இந்நுட்பத்தை நூல் படியாமலே நன்கறிந்திருந்தனர். காது போதுமான அளவு வடிந்தபின் குணுக்கைக் கழற்றிப் பாம்படம், தண்டட்டி, முடிச்சு முதலியவற்றை அணிவிப்பர். பாம்படம் என்பது உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாகிய வடிவங்களைப் பொருத்திச் செய்த அணி. அரக்கின்மேற் பொற்றகடு போர்த்தது. இஃதன்றி மேற்காதிற் கொப்பு, முருகு முதலியனவும் இட்டனர். இன்று நகரத்து மங்கையர் காதின் விளிம்பு முழுவதும் ஐந்தாறு துளையிட்டுச் சிறு கம்மல்களைப் பதிப்பதைப் புதுமையென்று எண்ணுவோர், தம் கொள்ளுப்பாட்டியின் படம் வீட்டிலிருந்தால் ஒருமுறை உற்றுநோக்குவாராக.

நீண்ட காது அன்று அழகு மட்டுமன்று, மானமும் ஆகும். வளராத காதும் அறுந்த காதும் மூளி எனப்பட்டன. மூளி என்னும் சொல் எத்துணைக் கொடிதென்பதைத் தமிழர் அறிவர். ஆடவர்க்கும் செவி நீண்டிருத்தல் சில குலங்களில் வழக்கமே. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பழைய நிழற்படங்களில் இதனைக் காணலாம். புத்தர் சிலைகளும் நம் கோயிற் படிமங்களும் வடிந்த காதுடையனவாகவே செதுக்கப்பட்டன.

இத்துணைப் போற்றப்பட்ட காது பின்னர் இழிக்கப்பட்டது. கிறிஸ்தவ மிஷன்கள் இவ்வழக்கத்தை விரும்பவில்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வரத் தொடங்கிய குடும்பங்களில் வடிந்த காது பட்டிக்காட்டுத் தன்மையின் குறியாகக் கருதப்பட்டது. நகரத்து மணமகன் வேண்டுமாயின் காது சிறிதாதல் வேண்டும் என்னும் நிலை தோன்றியது. முன் ஒரு தலைமுறை நீட்டிய காதைப் பின் ஒரு தலைமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அறுத்துத் தைத்தது. தொங்கும் வளையத்தின் நடுவை வெட்டி நீக்கி, இரு நுனியையும் சீவி ஒன்றோடொன்று பொருத்தித் தைப்பது இச்சிகிச்சை.

எண்பது ஆண்டைக் கடந்த எம் ஆச்சியின் இரு செவியிலும் அத்தையல் வடு இன்றும் உண்டு. பிறந்த ஆண்டிலேயே அவருக்குக் காது குத்தி வளர்த்தனர். பதினான்காம் வயதில், பள்ளியாசிரியர் ஒருவரை மணம் பேசியபொழுது, அண்மையிலிருந்த மருத்துவமனை ஒன்றில் அறுத்துத் தைத்தனர். இக்கட்டுரையின் பொருட்டு யாம் அவரை வினவியபொழுது அவர் கூறிய விடையை அவர் சொல்லாலேயே எழுதுகின்றோம்: “அழகுன்னு எங்கம்மா வளத்தா. அசிங்கம்னு எங்கய்யா அறுக்கச் சொன்னாக. எங்காதப் பத்தி எங்கிட்ட யாருய்யா கேட்டா?” இதனை அவர் சினந்து கூறவில்லை, முறத்திற் புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டே கூறினார். அவர் அன்னையாரோ இறக்கும் வரை பாம்படத்தோடேயே இருந்தனராம். மகளின் காது சிறுத்தபின் அதனைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாராம்.

இவ்விடைக்குப்பின், இளையோர் முதியோர் வழக்கை நோக்கும் எம் பார்வை ஓரளவு மாறியது என்று கூறவேண்டும். இன்று பிள்ளை தன் பதினெட்டாம் வயதுக்குப்பின் தானே நினைந்து தன் கையிற் பச்சை குத்திக்கொண்டு வந்தால், உடம்பைக் கெடுத்தான் என்று வருந்துகிறோம். அப்பிள்ளையை ஓராண்டுக் குழவியாய் இருந்தபொழுது மாமன் மடியிலிருத்தி, அவன் அலற அலறக் காதிற் பொற்கம்பியைக் குத்தினோமே, அப்பொழுது அவனுடைய இசைவைக் கேட்டோமா? பெரியோர் குத்தினால் அது சடங்கு. பிள்ளை குத்தினால் அது குற்றம். உடம்பிற்கு ஊறு நேர்வதன்று இவ்வழக்கின் மூலம். யாரைக் கேட்டுச் செய்தாய் என்பதே மூலம். இதனைப் பெற்றோர் வெளிப்படக் கூறினால் வழக்கு எளிதில் தீரும் என்பது எம் துணிபு. இவ்வாறு கூறுவதனால் இளையோர் செய்வதெல்லாம் சரியென்று கூறினோம் அல்லேம்.

ஆடவர் கடுக்கன் கதையும் இதுவே. குடுமியும் கடுக்கனும் தரித்தவர் நம் கொள்ளுப்பாட்டனார். கிராப்பு வெட்டி, கடுக்கனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு நாகரிகம் அடைந்தவர் அவர் மகனார். துளை தூர்ந்துபோன காதுடையவர் அவர்க்கும் மகனார். நான்காம் தலைமுறையாகிய இளைஞன் மீண்டும் காது குத்திக்கொண்டு வர, ‘இதென்ன பெண்பிள்ளைக் கோலம்!’ என்று தந்தை சினக்கிறார். சுவரில் மாட்டிய படத்திலிருந்து கொள்ளுப்பாட்டனார் கடுக்கன் மின்ன நோக்குகிறார்.

இனி வலிந்து இடப்பட்ட குறிகளைப் பற்றியும் சிறிது கூறாது விடுதல் தகாது. ஆங்கிலக் கம்பெனியார் வங்காளத்தில் 1797-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியால் ஆயுள் தண்டனை பெற்றோரது நெற்றியில் அவர் செய்த குற்றத்தைப் பச்சையாகக் குத்தச் செய்தனர். 1849-இலேயே அது நீக்கப்பட்டது. விடுதலை பெற்றோரும் தலைப்பாகையைக் கண் வரையில் இழுத்துக் கட்டிக்கொண்டு திரியவேண்டியதாயிற்று. பச்சை குத்தும் குறவர் குலத்தார் பலரையோ, 1871-இல் இயற்றி 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்து வைத்தது. அச்சட்டம் இம்மாகாணத்தில் 1947-இல் ஒழிக்கப்பட்டது. ஊசியில்லாமற் குத்திய பச்சை அது. அதன் தழும்பு முற்றும் மறைந்ததென்று கூறத் துணியோம்.

இதே காலத்தில் வெள்ளையர் தம் தோலையும் மறந்தாரல்லர். பிற்காலத்து ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1862-இல் எருசலேமுக்குச் சென்றபொழுது கையிற் சிலுவைக் குறி குத்திக்கொண்டார். அவர் மகனார், பின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், 1881-இல் ஜப்பானிற் பறவைநாகம் ஒன்றைக் கையில் எழுதுவித்துக்கொண்டார். 1911-இல் டில்லித் தர்பாரில் நம் அரசர்கள் வணங்கிய சக்கரவர்த்தியின் சட்டைக் கைக்குள் அந்நாகம் இருந்தது. சென்னைக் காட்சிச்சாலைத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார் இந்நாட்டார் பச்சையையும் வடிந்த காதையும் குறித்து 1906-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். பர்மாவுக்குப் பிழைக்கச் சென்ற தமிழர் அந்நாட்டுப் பச்சையோடு மீண்டதையும் அவர் குறித்திருக்கின்றார். தம் இளவரசர் கையை அவர் ஆராயவில்லை.

நம் கல்லூரியிற் பயிலும் கிறிஸ்தவ மாணவர் வீடுகளில் இவ்வழக்கு வேதாகமத்தைக் கொண்டு நடப்பது இயல்பு. லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தில் உடலிற் குறி குத்தலாகாது என்னும் விலக்கு உள்ளது உண்மையே. பெரியோர் அதனையே எடுத்துக்காட்டுவர். ஆயின் அதற்கு அணித்தாக முன்னுள்ள வசனம் தாடியின் ஓரங்களைக் கெடுக்கலாகாது என்கிறது. அவ்வதிகாரமே இருவகை நூல் கலந்த ஆடையையும் விலக்குகிறது. நாள்தோறும் முகமழித்துக் கலப்புநூற் சட்டை அணிந்து ஆலயம் செல்லும் நம் தந்தையர் ஒரு வசனத்தை மட்டும் கொண்டு மகனை வெல்லுதல் அரிது. அவ்விலக்கு இறந்தோர் பொருட்டு உடலைக் கீறும் அயலார் சடங்கோடு சேர்த்துக் கூறப்பட்டதாகலின், அக்காலத்து வழிபாட்டைக் கருதியது என்று உரைப்பாரும் பலர். மற்றொரு புறம், யாக்கோபு தன் வீட்டாரின் காதணிகளைச் சீகேமிற் கர்வாலி மரத்தின்கீழ்ப் புதைத்ததும், ஆரோன் காதணிகளை உருக்கிக் கன்றுக்குட்டி வார்த்ததும் பழைய ஏற்பாட்டிலேயே உள்ளன. அவற்றைக் கொண்டு காதணியை விலக்கினோர் நம்மிற் சிலரே. நகை முழுவதையும் களைந்துவிடும் பெந்தெகொஸ்தே சபையார் இவ்வகையிற் சொல்லும் செயலும் ஒத்தவராகக் காணப்படுகின்றனர். அவர் கொள்கை எமக்கு உடன்பாடன்றாயினும் இதனைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. எகிப்து நாட்டுக் காப்திய கிறிஸ்தவரோ தம் குழந்தைகளின் மணிக்கட்டிற் சிறு சிலுவையைப் பச்சையாகக் குத்துவிக்கின்றனர். துன்பக் காலத்தும் மறுக்கவியலாத அடையாளமாக அவர்க்கு அது நின்றது. ஒரே வேதத்தை ஓதும் இரு நாட்டாரில், ஒருவர்க்கு விலக்காவது மற்றவர்க்குச் சாட்சியாகிறது. நம் அயலாராகிய வைணவரும் சங்கு சக்கரங்களைக் காய்ச்சித் தோள்களிற் பொறித்துக்கொள்வதை இன்றும் கைவிடவில்லை.

இற்றை நாளில் பச்சைக்கு டாட்டூ என்று பெயர். பெயர் தாகித்தித் தீவிலிருந்து வந்தது. 1769-இல் அத்தீவை அடைந்த குக்கு என்னும் கப்பற்றலைவரின் குறிப்புக்களால் ஐரோப்பாவிற் பரவியது. நியூயார்க்கில் 1891-இல் மின்விசையால் இயங்கும் ஊசிக்கருவிக்கு உரிமை பெறப்பட்டது. தொழில் ஒன்றே, கரியை ஊசியாற் றோலினடியிற் செலுத்துவது. குறத்தி மரநிழலிற் குத்தினால் பச்சை, அதனை நாகரிகமற்றதென்று மறைக்கிறோம். குளிரூட்டிய அறையிற் கையுறையணிந்தவர் குத்தினால் டாட்டூ, அதனை நிழற்படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறோம். தம் ஆச்சியின் கையிலுள்ள தேளைக் கண்டு நகைத்த நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு தம் தோளில் அதே தேளைக் குத்திக்கொண்டு வந்தார். ஆச்சியின் தேளைப் பார்த்தே எழுதுவித்தாராம். இதனை நகைப்புக்கன்றி மகிழ்வோடு குறிக்கின்றோம்.

எனினும் மாணவர் அறிந்திருக்கத்தக்க சில செய்திகள் உள. இந்தியத் தரைப்படையிற் சேர விரும்புவோர்க்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பச்சை இருக்கலாம் என்பது விதி. பழங்குடியினர்க்குத் தம் குல வழக்கம் கருதி விலக்கு உண்டு. குத்திக்கொண்டபின் ஒரு காலவரை குருதிக்கொடை செய்யலாகாது. தூய்மையற்ற ஊசியால் கல்லீரல் அழற்சி நோய் பரவக்கூடுமாதலின் அவ்விதி ஏற்பட்டது. ஊசி உறையைத் தம் கண்முன்னே பிரிக்கச் செய்யாதவரும், மையைப் புதிய சிறு கிண்ணத்தில் ஊற்றச் செய்யாதவரும் தம் உடம்பைப் பிறர் நோயோடு பங்கிட்டுக் கொள்வார். காதின் அடிமடலைக் குத்துதல் எளிது. மேற்காதோ குருத்தெலும்பு உடையது. அதற்குக் குருதியோட்டம் குறைவு. புண் சீழ்பிடித்தால் எலும்பு கரைந்து செவி சுருங்கும். கடைகளிற் காணும் துப்பாக்கி போன்ற கருவியால் மேற்காதைக் குத்துதல் அவ்வெலும்பை நொறுக்கும். கொப்பும் முருகும் இட்ட நம் முன்னோர் இந்நோய்க்கு ஆளாகாமலிருந்தார் என்று கருத வேண்டா. மேலும், கருநிறத்தார்க்குக் காதுத்தழும்பு தடித்துப் புடைத்து வளர்தல் மிகுதி. தமையர்க்கோ தமக்கையர்க்கோ அவ்வியல்பு உள்ள குடும்பத்தார் இருமுறை எண்ணுதல் நன்று. பெயர் குத்திக்கொள்ள விரும்பும் நண்பர்க்கு யாம் தனியே ஒன்று கூறுவோம்: தாய் பெயர் மாறாது.

வட்டக்கட்டை செருகிக் காதுத்துளையை விரிக்கும் வழக்கமும் நகரத்து இளைஞரிடையே சிறிது சிறிதாகக் காணப்படுகின்றது. அவர் அதனை மேலைநாட்டிலிருந்து கற்றதாகக் கூறுவர். பஞ்சு, ஓலை, குணுக்கு என்னும் முறையைச் சற்றும் வேறுபடாமற் செய்கின்றனர். பருமனைப் படிப்படியாக ஏற்றுகின்றனர். விரைந்தவர்க்குக் காது அறுகிறது. விரிந்த துளை ஓர் அளவுக்கு மேற்பட்டால் தானே சுருங்காது. வேலைக்கு நேர்காணல் வந்தபொழுது மருத்துவரை நாடி அறுத்துத் தைத்துக்கொள்ள நேரும். தையல் எம் ஆச்சிக்குப் போட்ட தையலே.

தென்னாட்டுச் சிற்றூர்க் கோயிற் கொடைகளிலும் மாதா திருவிழாக்களிலும் இன்றும் பச்சை குத்துவோர் மர நிழலில் அமர்ந்திருப்பதைக் காணலாம். ஊசிக்கட்டு போய்ப் பாட்டரியால் இயங்கும் சிறு கருவி வந்துவிட்டது. அருகில் ஒரு பலகை; அதில் மயில், சிலுவை, வேல், இரட்டை இலை, நடிகர் முகம் எல்லாம் ஒன்றன்பக்கம் ஒன்றாக வரையப்பட்டிருக்கும். பெயராயின் எழுத்துக்கு இவ்வளவு என்று விலை. ஓர் ஊசியே பலர்க்கும் செல்வது அங்குள்ள பெருங்குறை. சென்ற திருவிழாவில் யாம் நின்று பார்த்த அரைமணி நேரத்தில் வந்தவர் எழுவர், எழுவரும் இளைஞர். அவர்களில் ஒருவனுக்குப் பணம் கொடுத்து அருகில் நின்றவர் அவன் தந்தையார். எழுத்தெண்ணி விலை பேசிக்கொண்டிருந்தார்.